பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும்: பிங்கோ சட்டம் சொல்லும் பாடம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்குமான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரம் முழுக்க மலையில் நின்றுவிட்டு, துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சில காலத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். காற்று மழையில் ஒரு லயத்தின் கூரைத் தகரம் பறந்துவிட்டது. நிர்வாகம் இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன வாலிபர்கள் சீட்டிழுப்பு ஒன்று வைத்தார்கள். ஒரு சீட்டு 100 ரூபாய். முதல் பரிசு ஒரு கேஸ் அடுப்பு. பக்கத்துத் தோட்டங்களுக்கும் கடைவீதிக்கும் போய் விற்றார்கள். பணம் சேர்ந்தது, தகரம் வந்தது, கூரையும் போட்டாகிவிட்டது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எத்தனை புத்தகம் அச்சடித்தார்கள், எத்தனை திரும்பி வந்தது, அடுப்புக்கு எவ்வளவு, தகரத்துக்கு எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பணத்தை வைத்திருந்த தம்பி ஒரு சதம்கூட எடுக்கவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் அதைக் காட்ட அவனிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பீலிக்கரையில் பேச்சு, பிரட்டுக்களத்தில் பேச்சு. அந்தத் தம்பி அந்த வருடம் திருவிழாவுக்குக்கூட கோயில் பக்கம் வரவில்லை.

நான் போய்ப் பேசியபோது ஒரு அக்கா கேட்டார்: “நம்ம காசு. நாம சேர்க்கிறோம், நாம செலவழிக்கிறோம். இதுக்கெல்லாம் ஒரு சட்டம், ஒரு கணக்குப் புத்தகமா தம்பி?”

அந்த அக்காவின் கேள்விதான் இன்றைய பேச்சு. ஏழைகள் ஒரு நல்ல காரியத்துக்காக விளையாட்டு நடத்திப் பணம் சேர்க்கும்போது அதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? இதற்கு நம் மலையில் மட்டும் பதில் தேட வேண்டியதில்லை. உலகத்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போன இடங்கள் உண்டு. அதில் பெரிய வழக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது. பிங்கோ என்ற ஒரு சாதாரண விளையாட்டுக்காக நடந்த வழக்கு.

பிங்கோ என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு அட்டை வாங்குவார்கள். அட்டையில் மேலிருந்து கீழே ஐந்து கட்டம், இடமிருந்து வலம் ஐந்து கட்டம். நடுக் கட்டம் சும்மா. மற்ற 24 கட்டத்திலும் இலக்கங்கள். முன்னால் ஒருவர் 1 முதல் 75 வரை இலக்கம் போட்ட பந்துகளைக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிப்பார். உங்கள் அட்டையில் அந்த இலக்கம் இருந்தால் அடையாளம் போட வேண்டும். ஒரு வரிசை முதலில் யாருக்கு நிறைகிறதோ, அவர் “பிங்கோ” என்று கத்துவார். பரிசு அவருக்கு.

அவ்வளவுதான். படிப்பு வேண்டாம், திறமை வேண்டாம். அதனால்தான் வயதானவர்களும் வேலைவிட்டு வந்த பெண்களும் கூடி விளையாடுவார்கள். அமெரிக்காவில் தேவாலயங்கள், முன்னாள் படைவீரர் சங்கங்கள், தீயணைப்புத் தொண்டர் படைகள் எல்லாம் இதை வைத்துத்தான் கூரை மாற்றின, வண்டி வாங்கின. அட்டை விற்ற பணத்தில் பரிசு போக மிச்சம் தர்மத்துக்கு. நம் சீட்டிழுப்பு மாதிரியேதான்.

ஆனால் இதுவும் சூதாட்டந்தான். பணம் கட்டி, அதிர்ஷ்டத்தை நம்பி, பரிசு எடுப்பது எதுவாக இருந்தாலும் பல மாநிலங்களில் அது சட்டவிரோதம். ஆகவே தர்ம காரியத்துக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் திருத்தி, தர்மத்துக்காக நடத்தும் பிங்கோவை நகரசபைகளும் மாவட்ட நிர்வாகங்களும் அனுமதிக்கலாம் என்று வைத்தார்கள். கதவைத் திறந்தார்கள், ஆனால் கதவுக்குப் பக்கத்தில் காவலும் வைத்தார்கள்.

ஐந்து காவல்கள்

அந்தக் காவல்களைக் கவனமாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஏமாந்த கதை இருக்கும்.

முதலாவது, பரிசுக்கு உச்சவரம்பு. ஒரு ஆட்டத்துக்கு 250 டொலருக்கு மேல் பரிசு கொடுக்கக்கூடாது. பிற்காலத்தில் அதை 500 டொலராக உயர்த்தினார்கள். பரிசு பெரிதாகப் பெரிதாக, ஆட்கள் தர்மத்துக்காக வருவது குறைந்து, பேராசைக்காக வருவது கூடும். சம்பளம் எடுத்த அன்றே எல்லாவற்றையும் வைத்து ஆடுவார்கள். சின்னப் பரிசு என்றால் சின்ன இழப்பு.

இரண்டாவது, தனிக் கணக்கு. பிங்கோவில் கிடைத்த இலாபம் வேறு எந்தப் பணத்தோடும் கலக்காமல் தனியாக இருக்க வேண்டும். தர்ம காரியத்தைத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது.

மூன்றாவது, செலவுக்கு உச்சவரம்பு. தர்மத்தின் பெயரில் பணம் சேர்த்து, மண்டப வாடகை, காவல், அந்தச் செலவு, இந்தச் செலவு என்று எழுதியே முழுவதையும் விழுங்கிவிடலாம் இல்லையா? அதனால் பரிசைக் கழிப்பதற்கு முன் உள்ள வரவில் 20 சதவீதம் அல்லது மாதத்துக்கு 2,000 டொலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் செலவு எழுதக்கூடாது என்று வைத்தார்கள்.

நான்காவது, விளையாட்டு வெளிச்சத்தில் நடக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்த இடத்தில் நடக்க வேண்டும். ஆடுகிறவர் நேரில் இருக்க வேண்டும். சிறுவர்களைச் சேர்க்கக்கூடாது.

ஐந்தாவதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டியது. பிங்கோவை நடத்துகிறவர்கள் அந்தத் தர்ம அமைப்பின் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது. பிங்கோவிலிருந்து இலாபமோ கூலியோ கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். காவலாளிக்கு மட்டும் விலக்கு. மீறினால் 10,000 டொலர் வரை அபராதம்.

நோக்கம் நல்லது. தர்மத்தின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, பின்னாலிருந்து ஒரு முதலாளி வியாபாரம் நடத்தக்கூடாது என்பதுதான். ஆனால் தொழிற்சங்கக்காரன் கண்ணால் பார்த்தால் இன்னொரு பக்கமும் தெரியும். வாரத்தில் ஒரு மாலை, தேவாலய மண்டபத்தில், இரண்டு மணித்தியாலம் தொண்டு செய்வது வேறு. ஒரு பெரிய மண்டபத்தில் நாள் தவறாமல் அட்டை விற்று, மேசை துடைத்து, நள்ளிரவில் வீட்டுக்குப் போவது வேறு. அது தொண்டு அல்ல, தொழில். அதற்கும் “தொண்டர்” என்று பெயர் வைத்துவிட்டால் கூலி இல்லை, விடுமுறை இல்லை, ஓய்வூதியம் இல்லை. ஆடுகிறவர்கள் மனம் இரங்கிப் போடும் காசுதான் மிச்சம். உழைப்பை அன்பு என்று பெயர் மாற்றிக் கூலியை மறைப்பது நமக்குப் புதிதில்லை. “தோட்டம் ஒரு குடும்பம்” என்று சொல்லிக் கொண்டே கிலோவைக் கழித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

எல்லா மாநிலமும் இப்படி வைக்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் 1980இல் அரசியலமைப்பைத் திருத்தி, 1981இல் தர்ம பிங்கோவுக்குச் சட்டம் செய்தார்கள். அங்கே இலக்கம் வாசிப்பவருக்கும் காசாளருக்கும் கணக்கெழுதுபவருக்கும் கூலி கொடுக்கலாம். ஆனால் அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும், பழைய குற்றப் பதிவு உண்டா என்று பார்ப்பார்கள். பரிசுப் பணத்தில் 5 சதவீதம் கட்டணமாக அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். ஆகவே களவைத் தடுப்பதற்குக் கூலியைத் தடுப்பது ஒன்றுதான் வழி என்பது உண்மையல்ல. பதிவும் கணக்கும் வைத்தும் தடுக்கலாம். இதை மனதில் வையுங்கள். பின்னால் வருகிறேன்.

இருபத்தைந்து பேர் போட்ட வழக்கு

இப்போது வழக்குக்கு வருவோம்.

அமெரிக்காவின் பூர்வீகக் குடிமக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளையர் வருவதற்கு முன்னால் அந்த மண் முழுவதும் அவர்களுடையது. பிறகு அவர்களைத் துரத்தித் துரத்தி, சின்னச் சின்ன ஒதுக்குநிலங்களில் குடியேற்றினார்கள். பெரும்பாலும் விவசாயம் செய்ய முடியாத வறண்ட பூமி. சொந்த மண்ணில் பிறந்த அந்த மக்கள் எல்லோருக்கும் அமெரிக்கப் பிரஜாவுரிமை கிடைத்தது 1924ஆம் ஆண்டில்தான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் அடிபட்ட நமக்கு அந்த வலியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் ரிவர்சைட் மாவட்டத்தில் கபசோன் என்றொரு குடியினர். அவர்களுக்கு 1876ஆம் ஆண்டு ஜனாதிபதி கிராண்ட் ஒதுக்கிக் கொடுத்த நிலம். வழக்கு நடந்த காலத்தில் அவர்களின் உறுப்பினர் தொகை வெறும் 25. நம் ஒரு லயத்தில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். பக்கத்தில் மொரோங்கோ என்ற இன்னொரு குடியினர், சுமார் 730 பேர். இவர்கள் தங்கள் சபையில் விதி எழுதி, மத்திய அரசின் உள்துறை அமைச்சரின் ஒப்புதலும் வாங்கி, பிங்கோ மண்டபம் நடத்தினார்கள். வெளியாட்கள் கார் பிடித்து வந்து ஆடினார்கள். உறுப்பினர்களுக்கு வேலை கிடைத்தது. குடியினரின் பொதுக் காரியங்களுக்கு வேறு வருமானமே இல்லை. பிங்கோ இலாபம் ஒன்றுதான்.

மாநில அரசாங்கம் வந்தது. “எங்கள் சட்டப்படி பரிசு 250 டொலருக்கு மேல் போகக்கூடாது, வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது, நீங்கள் இரண்டையும் மீறுகிறீர்கள்” என்றது. மாவட்ட நிர்வாகமும் தன் உள்ளூர் விதியைத் தூக்கிக்கொண்டு வந்தது. குடியினர் சொன்னார்கள்: “இது எங்கள் நிலம். எங்கள் சபைக்கும் மத்திய அரசுக்கும்தான் இங்கே அதிகாரம். உங்கள் பிங்கோ விதி எங்கள் எல்லைக்கு வெளியே.”

இதற்கு முன்மாதிரி ஒன்றும் இருந்தது. புளோரிடா மாநிலத்தில் செமினோல் குடியினர் 1979ஆம் ஆண்டு டிசம்பரில் பெரிய பிங்கோ மண்டபம் திறந்தார்கள். அந்த மாநிலச் சட்டப்படி வாரத்தில் இரண்டு நாள்தான் பிங்கோ ஆடலாம், பெரும் பரிசு 100 டொலர்தான். அவர்கள் அதை மீறி நடத்தினார்கள். மாவட்டப் பொலிஸ் அதிகாரி கைது செய்வேன் என்றார். குடியினர் நீதிமன்றம் போனார்கள். 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார்கள்.

கபசோன் வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. 1987ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி தீர்ப்பு. ஆறு நீதியரசர்கள் குடியினர் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பைரன் வைட்.

தீர்ப்பின் சாரத்தை எளிமையாகச் சொல்கிறேன். 1953ஆம் ஆண்டு மத்திய சட்டம் ஒன்று, ஒதுக்குநிலங்களில் நடக்கும் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தைக் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களுக்குக் கொடுத்திருந்தது. அதைத்தான் மாநிலம் பிடித்துக்கொண்டது. நீதிமன்றம் ஒரு கேள்வி கேட்டது: நீங்கள் இந்த விளையாட்டைத் தடை செய்திருக்கிறீர்களா, அல்லது ஒழுங்குபடுத்தி மட்டும் வைத்திருக்கிறீர்களா? கொலை தடை செய்யப்பட்டது; யாரும் செய்யக்கூடாது. பிங்கோ அப்படியல்ல. தேவாலயம் ஆடலாம், சங்கம் ஆடலாம். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டலாம். அதைவிட, மாநில அரசாங்கமே லொத்தர் நடத்தி, விளம்பரம் போட்டு, வாங்குங்கள் வாங்குங்கள் என்று மக்களைக் கூப்பிடுகிறது. அப்படியிருக்க, இது தடை செய்யப்பட்ட குற்றம் என்று எப்படிச் சொல்வீர்கள்? இது வெறும் ஒழுங்குவிதி. ஒழுங்குவிதியை இன்னொருவரின் எல்லைக்குள் கொண்டுபோய்த் திணிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

மாநிலம் இன்னொரு வாதமும் வைத்தது. பெரிய பரிசு இருந்தால் குற்றக் கும்பல்கள் நுழைந்துவிடும் என்றது. பயப்படுவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு குடியினரின் மண்டபங்களிலும் அப்படி நடந்ததாக மாநிலம் குற்றஞ்சாட்டவே இல்லை. வெறும் சந்தேகத்தை வைத்து ஒரு சமூகத்தின் ஒரே வருமானத்தை மூட முடியாது என்று ஆகிவிட்டது.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அரசாங்கம் தானே லொத்தர் விற்கும். ஏழைகள் பிங்கோ ஆடினால் ஒழுக்கம் பேசும். இந்த இரட்டை நாக்கைத்தான் நீதிமன்றம் பிடித்தது. நம் நாட்டிலும் தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டிலிருந்து சீட்டு விற்கிறது. அதன் இலாபத்தில் பாதி மஹாபொல புலமைப்பரிசிலுக்குப் போகும்படி 1981இல் சட்டம் செய்தார்கள். நம் பிள்ளைகளில் பல்கலைக்கழகம் போனவர்கள் அந்தப் பணத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டை வாங்குகிறவர் யார்? கார் வைத்திருப்பவரை விட, பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்தான் அதிகம். ஏழையின் ஆசையிலிருந்து எடுத்த பணம் ஏழைக்கே திரும்புகிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வென்றவர்களுக்கும் கணக்கு

வழக்கில் வென்றதோடு குடியினர் இஷ்டம்போல் நடத்தலாம் என்று ஆகவில்லை. அடுத்த வருடமே, 1988இல், அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதில் சொன்னவற்றைக் கேளுங்கள்.

இலாபத்தை ஐந்து காரியங்களுக்கு மட்டும் செலவழிக்கலாம்: குடியினரின் சொந்த நிர்வாகம், மக்களின் பொது நலன், பொருளாதார வளர்ச்சி, தர்மம், பக்கத்து உள்ளூராட்சிகளுக்கு உதவி. வருடா வருடம் வெளிக் கணக்காய்வாளர் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆளாளுக்குப் பங்கு பிரிப்பதானால் முன்கூட்டியே திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அதிலும் சிறுபிள்ளைகளின் பங்கைப் பாதுகாக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு கம்பனி வந்து “நாங்கள் நடத்தித் தருகிறோம்” என்றால், அந்தக் கம்பனி சாதாரணமாக நிகர இலாபத்தில் 30 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு மேல் போகக்கூடாது. விசேட காரணம் இருந்தால் மட்டும் இந்த எல்லைகள் கொஞ்சம் தளரும்.

கடைசி விதி எதற்கு என்று உங்களுக்கே புரியும். நடுவில் நிற்கிற தரகன்தான் ஏழையின் பணத்துக்கு முதல் எதிரி. நம் பாட்டன் காலத்தில் தலைக்காசு எடுத்த கங்காணியை மறந்துவிட்டோமா?

இந்தச் சட்டத்தைக் குடியினர் எல்லோரும் விரும்பி ஏற்கவில்லை. வென்ற உரிமையை மீண்டும் வெட்டிவிட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. பலனும் சமமாகப் போகவில்லை. நகரத்துக்குப் பக்கத்தில் நிலம் இருந்தவர்கள் வளர்ந்தார்கள். செமினோல் குடியினர் 2007ஆம் ஆண்டு ஹார்ட் ரொக் என்ற உலக நிறுவனத்தையே வாங்கினார்கள். தூரத்துப் பாலைவனத்தில் இருந்த பலர் முன்போலவே வறுமையில் இருக்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் தொழிற்சங்கக்காரன் இல்லை. பிங்கோ மண்டபங்கள் பெரிதானதும் அங்கே ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் குடியைச் சேர்ந்தவர்கள் இல்லை. கலிபோர்னியாவில் சான் மானுவேல் என்ற குடியினரின் பிங்கோ மண்டபத்தில் ஒரு தொழிற்சங்கத்தை உள்ளே விட்டார்கள், இன்னொரு தொழிற்சங்கத்தை விடவில்லை. விடப்படாத சங்கம் முறைப்பாடு செய்தது. “இது எங்கள் சுயாட்சி நிலம், நாட்டின் தொழிற்சங்கச் சட்டம் இங்கே செல்லாது” என்றார்கள் குடியினர். 2004இல் தேசியத் தொழிலுறவுச் சபையும், 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. தொழிலாளர் உரிமைச் சட்டம் அங்கும் செல்லும் என்றன.

நேற்று அரசாங்கத்தோடு போராடி உரிமை வென்றவர்கள், இன்று முதலாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் தொழிலாளியைப் பார்த்து “இங்கே உன் சட்டம் செல்லாது” என்றார்கள். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவன் கையில் பணப்பெட்டி வந்தால் அவனுக்கும் காவல் வேண்டும். நம்மவர்களுக்கும் வேண்டும். சங்கத்துக்கும் வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

முதலில் ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்வோம். அந்த 25 பேர் எப்படி ஒரு மாநிலத்தையே எதிர்த்து நிற்க முடிந்தது? அவர்கள் காலுக்குக் கீழே சொந்த நிலம் இருந்தது. வறண்ட நிலந்தான், ஆனாலும் அவர்களுடையது. அந்த நிலத்தில் விதி எழுத அவர்களுக்கென்று ஒரு சபையும் இருந்தது. நமக்கு? இருநூறு வருடமாக இந்த மலையைப் பசுமையாக்கிய நம்மில் பெரும்பாலோருக்கு இன்னும் ஒரு பேர்ச் காணிக்கு உறுதி கிடையாது. கூரை பறந்தால் தகரம் மாற்றுவது யார் என்பதற்கே நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். அந்தத் தம்பிமார் சீட்டிழுப்பு வைக்க வேண்டி வந்ததே அதனால்தான். ஆகவே காணி உரிமைப் போராட்டத்தை ஒரு பக்கம், நம் சின்ன நிதிகளை ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள். சொந்தக் காணி இருந்திருந்தால் அந்தச் சீட்டு தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது, சட்டம் என்றாலே நமக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள்: இந்த விதி பணம் கொடுத்த ஏழையைப் பாதுகாக்கிறதா, அல்லது ஏழை ஒன்றுசேர்வதைத் தடுக்கிறதா? முதலாவது என்றால் நாமாகவே கடைப்பிடிப்போம். இரண்டாவது என்றால் எதிர்ப்போம். நம் நாட்டில் 1935ஆம் ஆண்டு ஒரே வருடத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று சீட்டுக் கட்டுவதைப் பற்றிய சட்டம். மற்றது தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம். இரண்டும் பல பேர் சேர்த்த பணத்தைப் பற்றியவை. தொழிற்சங்கம் வருடா வருடம் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். சங்கத்தின் நிதியில் பங்குள்ளவர் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதற்குச் சங்க யாப்பில் இடம் இருக்க வேண்டும். ஆம், உங்கள் சந்தாப் பணத்துக்கும்தான் சொல்கிறேன். கேளுங்கள். கேட்கிறவரைத் துரோகி என்று சொல்கிற தலைவர், அந்தத் தம்பியை விட மோசமான நிலையில் இருக்கிறார். அந்தத் தம்பியிடம் கடதாசிதான் இல்லை, மனச்சாட்சி இருந்தது.

மூன்றாவது, உங்கள் தோட்டத்தில் சீட்டிழுப்போ, மரண சகாய நிதியோ, கோயில் நிதியோ எதுவாக இருந்தாலும் நாளைக்கே செய்யக்கூடிய சில காரியங்கள்.

சீட்டுப் புத்தகங்களுக்குத் தொடர் இலக்கம் போடுங்கள். எந்தப் புத்தகம் யார் கையில் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்காத புத்தகம் திரும்பி வந்தால் எல்லோர் முன்னிலையிலும் வெட்டிவிடுங்கள்.

பணத்தை ஒருவர் வீட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். தனிக் கணக்கில் போடுங்கள். எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. அந்த இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். குடும்பச் செலவைச் சதம் சதமாகக் கணக்குப் பார்க்கிறவர் அவர்தான்.

பரிசுக்கு எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு, காரியத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விற்பனையைத் தொடங்குங்கள். சிறுபிள்ளைகளை விற்கவும் வாங்கவும் அனுப்பாதீர்கள்.

முடிந்ததும் வரவு செலவை ஒரு தாளில் எழுதிக் கோயில் சுவரிலும் பிரட்டுக்களத்திலும் ஒட்டுங்கள்.

நாட்கணக்காக ஓடியாடி வேலை செய்கிறவருக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கொடுங்கள். அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். டெக்சாஸ் காட்டிய வழி அதுதான். கூலியை மறைத்தால் களவு வளரும்.

லொத்தர் நடத்துவதற்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நம் நாட்டில் சட்டம் உண்டு. ஆகவே புத்தகம் அச்சடிக்க முன்னால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், கடிதம் எழுதித் தருவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிர்வாகம் செய்ய வேண்டிய கடமையைச் சீட்டு விற்றுச் செய்யப் பழகிவிடாதீர்கள். கூரை, தண்ணீர், மலசலகூடம், பிள்ளைக் காம்பரா இவை தர்மம் அல்ல. நம் உழைப்புக்குரிய பாக்கி. சீட்டு விற்ற கையோடு கோரிக்கைக் கடிதத்திலும் கையெழுத்து வையுங்கள்.

அந்த அக்காவுக்கு நான் அன்றைக்குச் சரியான பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். அக்கா, அது நம்ம காசுதான். நம்ம காசு என்பதால்தான் கணக்கு வேண்டும். மற்றவன் காசு என்றால் அவன் கேட்டுக்கொள்வான். நம்ம காசை நாம் கேட்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கணக்கு எழுதுவது அந்தத் தம்பியைச் சந்தேகப்படுவதற்கு அல்ல. நாளைக்கு யாரும் அவனைச் சந்தேகப்படாமல் இருப்பதற்கு.

அந்தத் தம்பியைப் போய்ப் பாருங்கள் என்று அந்தத் தோட்டத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். தகரம் வாங்கிய கடையில் பழைய பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கலாம். அடுப்பு வாங்கிய கடையிலும் இருக்கலாம். தேடி எடுத்து, அந்தக் கணக்கை இப்போதாவது எழுதிச் சுவரில் ஒட்டுவோம். வருகிற திருவிழாவுக்கு அவன் கோயிலுக்கு வர வேண்டும்.